கஜாவுக்கு வாங்குன மரம் அறுக்குற மிஷின், ஆறு வருஷம் கழிச்சு

போன வைகாசியில ஒரு சாயங்காலம் அடிச்ச காத்துல எங்க தோப்பு மூலையில நின்ன வேப்பமரம் வேரோட சாஞ்சு மோட்டார் கொட்டகை மேல படுத்துருச்சு. சுவரு தாங்கிருச்சு, ஆனா கதவ பாதிக்கு மேல தொறக்க முடியல, மோட்டார் போடவே குனிஞ்சு பூந்துதான் போகணும். மரம் அறுக்குறவர கேட்டா பத்து நாளைக்கு வர முடியாதுன்னுட்டாரு. அப்பதான் பெரியப்பா சொன்னாரு, "நம்மகிட்டயே ஒரு மிஷின் கெடக்குதேடா, கஜாவுல வாங்குனோமே, அதே கொட்டகையிலதான் பரண்ல இருக்கும்." சொன்ன கையோட "அது இனிமே எங்க ஓடப்போவுது, பழைய இரும்புக்கு போட்டுடு"ன்னும் சொன்னாரு.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்தது. எங்க தோப்பு பேராவூரணி பக்கம், விடிஞ்சு பாத்தா நின்ன மரத்த விட விழுந்த மரம்தான் ஜாஸ்தி. அப்ப அரசாங்கம் ஒரு தென்னைக்கு 1,100 ரூபா நிவாரணம்னு அறிவிச்சுச்சு, அதுல 500 ரூபா வெட்டி அப்புறப்படுத்துறதுக்கு. விழுந்த மரத்த சும்மா போட்டு வைக்கவும் முடியாது, மட்கிப்போன தென்னங்கட்டையில காண்டாமிருக வண்டு முட்டை வச்சு பெருகும், அப்புறம் மிச்சம் நிக்கிற மரத்து குருத்த குடைஞ்சுடும். அதனால அந்த மார்கழி தையில ஊரு முழுக்க மிஷின் சத்தம்தான். அந்த நேரத்துல பெரியப்பாவும் மாமாவும் பாதி பாதி காசு போட்டு வாங்குனதுதான் இந்த 58 சிசி மிஷின், 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீட்டு தகடு). ரெண்டு மாசம் ஓயாம ஓடிச்சு. வேல முடிஞ்ச அன்னைக்கு டேங்க்ல இருந்த பெட்ரோலோட அப்படியே பரண்ல ஏத்தி வச்சிட்டாங்க. இந்த கதையில முக்காவாசி அந்த ஒரு காரியத்துனால வந்ததுதான்.

கீழ எறக்குன உடனே பக்கத்துல நின்ன அண்ணன் பையன் ஸ்டார்ட்டர் கயித்த புடிச்சிட்டான், "ஒரு இழு இழுத்து பாப்போம் சித்தப்பா"ன்னு. வேணாம்னு கைய தட்டி விட்டேன். ரொம்ப நாள் நின்ன டூ-ஸ்ட்ரோக் இஞ்சின பாக்கவே பாக்காம இழுக்கக்கூடாதுன்னு எனக்கு முன்னாடி ஒரு ஸ்ப்ரேயர் மிஷின்ல பட்டு தெரியும், அதுல பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தத தெரியாம இழுத்து சிலிண்டர்ல கோடு விழுந்து போச்சு. இந்த எழுத்துல ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கணும்னா அத எடுத்துக்கங்க, மொதல்ல கண்ணால பாருங்க, கயிறு கடைசி.

வெளிய பாத்ததுல மூணு தெரிஞ்சுது. செயின் பாரோட துரு புடிச்சு ஒரே கம்பி மாதிரி ஒட்டி நின்னுச்சு. டேங்க் மூடிய தொறந்தா பெட்ரோல் வாசமே இல்ல, பழைய வார்னிஷ் டப்பாவ தொறந்த மாதிரி ஒரு நாத்தம், அடியில ரெண்டு ஸ்பூன் அளவுக்கு கருப்பட்டி பாகு மாதிரி பழுப்பா ஒண்ணு கெடந்துச்சு. மூணாவது, ஸ்டார்ட்டர் பக்கத்து காத்து ஜன்னல்ல குளவி மண்ணு. நம்ம ஊரு கொட்டகையில எதையும் ஒரு வருஷம் அசையாம வச்சா குளவி கூடு கட்டாம விடாது, பூட்டு ஓட்டையில கூட கட்டும். அதனால ப்ளக்க கழட்டுறதுக்கு முன்னாடி அந்த மண்ண பூராவும் பிரஷ்ஷால தட்டி, சைக்கிள் பம்ப்ல ஊதி சுத்தம் பண்ணேன். அத பண்ணாம ப்ளக்க கழட்டுனா மண்ணு நேரா சிலிண்டருக்குள்ளதான் போயி விழும்.

மண்ண பாத்ததும் எனக்கு சைலன்சர் மேல சந்தேகம் வந்துச்சு. அதோட வாயி சுண்டு வெரல் நுழையுற அளவு ஓட்டை, குளவிக்கு அத விட தோதான எடம் கெடையாது. ரெண்டு அலன் போல்ட்டு, துரு ஸ்ப்ரே அடிச்சு பத்து நிமிஷம் விட்டு கழட்டுனேன். கைல எடுத்து குலுக்குனா கிலுகிலுப்ப மாதிரி சத்தம். கவுத்து தட்டுனா புட்டு குழாயிலேருந்து விழுற மாதிரி உருண்டையா மண்ணு விழுந்துச்சு, ஒண்ணு ஒண்ணுக்குள்ளயும் காஞ்சு போன புழுக்கூடு. அத விட முக்கியம் இஞ்சின் பக்கம் பாத்தது. போன் டார்ச் அடிச்சு எக்சாஸ்ட் ஓட்டைய பாத்தா பிஸ்டன் கீழ எறங்கி நிக்குது, ஓட்டை பாதி தொறந்து கெடக்குது, அந்த வாசல்லயே ஒரு மண்ணுருண்டை ஒட்டிட்டு இருக்குது. பையன் அன்னைக்கு இழுத்திருந்தா அந்த மண்ணு உள்ள போயி, உப்புத்தாள் போட்டு தேச்ச மாதிரி சிலிண்டர தேச்சிருக்கும். கார்புரேட்டர் போனா புதுசு வாங்கலாம், ப்ளக் போனா வாங்கலாம், சிலிண்டர் போனா மிஷினே போச்சு. மிஷின சைலன்சர் பக்கம் கீழ பாக்க கவுத்து புடிச்சு, ஈர்க்குச்சி நுனியில கிரீஸ் தடவி மண்ண ஒட்டி ஒட்டி எடுத்தேன், அதுக்கே அரை மணி நேரம் ஆச்சு.

மண்ணு போனப்புறம் பிஸ்டன் சுவர நல்லா பாத்தேன். நெட்டுக்குத்தா கோடு இருந்தா இஞ்சின் ஏற்கனவே அடி வாங்குனதுன்னு அர்த்தம், இதுல இல்ல, ஒரு பழுப்பு படலம் மட்டும்தான். ஸ்டார்ட்டர் மூடிய கழட்டி ஃபிளைவீல (இஞ்சினோட சேந்து சுத்துற சக்கரம்) கையால திருப்புனா அசையல. ப்ளக் ஓட்டையில நாலஞ்சு சொட்டு டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக்குக்கு பெட்ரோல்ல கலக்குற ஆயில்) விட்டு, எக்சாஸ்ட் பக்கமும் ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி பூரா அப்படியே வச்சேன். காலையில லேசா முன்ன பின்ன ஆட்டி ஆட்டி பாத்தா ஒரு சின்ன டக்கு சத்தத்தோட விட்டுருச்சு. பலமா திருப்பவே இல்ல. அப்புறம் ஒரு இருபது சுத்து கையால சுத்துனதுல வழுவழுன்னு ஆயிருச்சு.

சைலன்சரையும் ப்ளக்கையும் மாட்டி கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ள காத்த அமுக்குற பலம் இருக்கான்னு பாத்தேன். மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, ஸ்டார்ட்டர் கைப்பிடிய புடிச்சு மிஷின தொங்க விடணும், ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கணும். சரசரன்னு கீழ எறங்குனா கம்ப்ரஷன் இல்ல, விட்டு விட்டு மெதுவா எறங்குனா பரவாயில்ல. இது நின்னு நின்னு எறங்குச்சு. அப்பதான் பெரியப்பா திண்ணையிலேருந்து எந்திரிச்சு பக்கத்துல வந்து உக்காந்தாரு.

அடுத்தது கரண்ட். ப்ளக்க கழட்டி அதோட இரும்பு உடம்ப சிலிண்டர்ல ஒட்ட வச்சு இழுத்தா பொறியே இல்ல. புது ப்ளக் போட்டாலும் இல்ல. ஃபிளைவீல் காந்தமும், பொறிக்கு கரண்ட் குடுக்குற காயில் காலும் துரு புடிச்சிருந்துச்சு, அதுதான் காரணம்னு முடிவு பண்ணி எமரி பேப்பர்ல தேச்சு, நடுவுல ஒரு விசிட்டிங் கார்ட வச்சு காயில இறுக்குனேன், அந்த அட்டை தடிமன், அதாவது சுமாரா 0.3 மில்லிமீட்டர் இடைவெளிதான் வேணும். இதுல ஒரு மணி நேரம் போச்சு, பொறி வரல. இங்க நான் வரிசைய தப்பா புடிச்சிட்டேன். மொதல்ல பண்ண வேண்டியது ரொம்ப சுளுவானது, காயில்லேருந்து ஆஃப் ஸ்விட்சுக்கு போற ஒத்த வயர கழட்டி விட்டுட்டு பாக்குறது. அந்த வயரு பாடியில தொட்டா காயில் செத்துரும், ஸ்விட்ச் ஆஃப் பண்றதே அப்படித்தான் வேல செய்யுது. கழட்டி விட்டு இழுத்தேன், நீலமா பளிச்சுன்னு பொறி. வயர தடவிக்கிட்டே போனா கைப்பிடிக்கு அடியில எலி கடிச்சு செம்பு தெரியுது, அது சிலிண்டர் தகட்டுல ஒட்டிட்டு நின்னுருக்குது. மிஷின் ஆறு வருஷமா ஆஃப்லயே இருந்திருக்கு, ஸ்விட்ச் எந்த பக்கம் இருந்தாலும். புது வயர் துண்டு போட்டு ஸ்லீவ் மாட்டுனேன்.

இப்ப பெட்ரோல் வழி. அதுல கைய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணேன், இதுல பாதி குழப்பம் தீந்துரும். ஏர் ஃபில்டர கழட்டிட்டு கார்புரேட்டர் வாயில நாலஞ்சு சொட்டு ஆயில் கலந்த பெட்ரோல் விட்டு (வெறும் பெட்ரோல் கூடாது) கயிற இழுத்தேன். மூணாவது இழுப்புல பிர்ர்ர்ருன்னு புடிச்சு மூணு செகண்ட் ஓடி நின்னுச்சு. வெள்ளைப் பொகை கொட்டகை பூரா. பெரியப்பா எந்திரிச்சே நின்னுட்டாரு. அந்த மூணு செகண்டுக்கு அர்த்தம் என்னன்னா, இஞ்சின் நல்லாருக்கு, கரண்ட் நல்லாருக்கு, பெட்ரோல் மட்டும்தான் வந்து சேரல. இனிமே வேற எங்கயும் தேட வேண்டாம்.

டேங்க்குக்குள்ள கம்பி கொக்கி விட்டு டியூப இழுத்தா காஞ்ச அப்பளம் மாதிரி கையிலயே நொறுங்கிருச்சு, ஃபில்டர் உள்ளயே விழுந்துருச்சு. டேங்க்க மூணு தடவ பெட்ரோல் ஊத்தி அலசி, கூடவே ஒரு கைப்பிடி நட்டு போட்டு குலுக்கி (எத்தன போட்டோம்னு எண்ணி வச்சுக்கங்க, அத்தனையும் வெளிய வரணும்) சுத்தம் பண்ணி, புது டியூப், புது ஃபில்டர், புது பிரைமர் பல்பு (வெரலால அமுத்தி பெட்ரோல ஏத்துற ரப்பர் குமிழ்) போட்டேன். டேங்க்ல காத்து போறதுக்கு ஒரு குட்டி வால்வு இருக்கும், அதையும் ஊதி பாத்துக்கணும். அது அடைச்சிருந்தா மிஷின் அஞ்சு நிமிஷம் ஓடி தானா நிக்கும், மூடிய லூஸ் பண்ணா திரும்ப ஓடும்.

கார்புரேட்டர கழட்டுனேன். வெளிய இருந்து பாக்க நல்லா பளபளன்னுதான் இருந்துச்சு. ஒத்த ஸ்க்ரூ இருக்குற பக்கத்து மூடிய தொறந்தா உள்ள இருக்குற சின்ன சல்லடை, ஒரு மொளகு அகலம் கூட இல்ல, அது பூராவும் பச்சையும் பழுப்புமா பிசின் கட்டி ஒரு ஓட்டை கூட தெரியல. மறுபக்கம் நாலு ஸ்க்ரூ, அதுக்குள்ள டயாபிராம். அது புதுசுல வெத்தல மாதிரி வளையணும், இது எக்ஸ்ரே பிலிம் மாதிரி வெறைப்பா நின்னுச்சு, அமுத்துனா டக் டக்னு சத்தம் வேற. இந்த மாதிரி கார்புரேட்டர்ல பைக்ல இருக்குற மாதிரி மெதவை கெடையாது, மிஷின தலகீழா புடிச்சாலும் ஓடணும்ல, அதனால இந்த மெல்லிசு தோல் மூச்சு விட்டு விட்டுதான் பெட்ரோல உள்ள விடுது. தோல் வெறைச்சுருச்சுன்னா பெட்ரோல் வழிய மூடி நிக்கிற ஊசி தொறக்காது, பெட்ரோல் வராது, அவ்ளோதான். பெட்ரோல் ஆவியாகி மிச்சம் நிக்கிற பிசினும், பெட்ரோல்ல கலக்குற எத்தனால் இழுத்து வச்சுக்குற ஈரமும் சேந்து பண்ற வேல இது. இப்ப பங்க்ல வர்றது இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால், ஆனா பல பழைய டூ-ஸ்ட்ரோக் மிஷின் புக்குல 10 சதவீதம் வரைக்கும்தான் போட்டிருக்கும். அதனால இனிமே பெட்ரோல உள்ள விட்டு வைக்கிறது முன்ன விட மோசம்.

பட்டுக்கோட்டையில கடைக்காரரு புது கார்புரேட்டரே எடுத்துக்க தம்பின்னாரு, நான் ரிப்பேர் கிட் கேட்டேன். பழைய பாடி நல்லா இருந்தா அத வச்சுக்குறதுதான் எனக்கு புடிக்கும், ட்யூனிங் அதுலதான் சரியா நிக்கும்னு ஒரு நம்பிக்கை. பெட்ரோல் அளவ கூட்டி கொறைக்கிற எல் (மெதுவான ஓட்டத்துக்கு), எச் (வேகமான ஓட்டத்துக்கு) ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள எத்தன சுத்து போகுதுன்னு எண்ணி சுவத்துல எழுதி வச்சேன், எல் ஒண்ணேகால், எச் ஒண்ணு. ஸ்ப்ரே அடிச்சு எல்லா ஓட்டையும் ஊதுனேன், கம்பி விட்டு குத்தல, அலுமினிய ஓட்டை பெருசாயிரும்.

இதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு நாள் பூரா போச்சு. எல்லாம் மாட்டி, சோக் இழுத்து, பல்பு அமுத்தி இழுத்தா ஓடுது, ரெண்டு செகண்ட்ல நிக்குது. திரும்ப பல்பு அமுத்துனா ஓடுது, நிக்குது. டியூப கழட்டி பாத்தேன், ஃபில்டர மாத்தி பாத்தேன், வால்வ பாத்தேன், ஒண்ணும் இல்ல. கை கொப்பளிச்சு போச்சு. ராத்திரி படுத்துட்டு யோசிச்சா ஒண்ணு தோணுச்சு, பல்பு அமுத்துனா ஓடுதுன்னா பெட்ரோல் வர்ற வழி தொறந்துதான் இருக்கு, கார்புரேட்டர் தானா இழுக்கத்தான் மாட்டேங்குது. காலையில மொத வேலயா நாலு ஸ்க்ரூ பக்கத்த தொறந்தேன். டயாபிராமும் கேஸ்கெட்டும் எடம் மாறி இருக்குது. பழசு கழட்டும்போது ரெண்டும் ஒண்ணா மூடியில ஒட்டிட்டு வந்துச்சு, எது மேல எது கீழன்னு பாக்காம என் கணக்குல மாட்டிட்டேன். நாலு ஸ்க்ரூ பக்கம் பாடி மேல மொதல்ல கேஸ்கெட், அதுக்கு மேல டயாபிராம், அப்புறம் மூடி. ஒத்த ஸ்க்ரூ பக்கம் நேர் எதிரு, பாடி மேல மொதல்ல டயாபிராம், அப்புறம் கேஸ்கெட். என்னோட மிஷின்ல இப்படி, நீங்க கழட்டும்போது ஒவ்வொண்ணுக்கும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. மாத்தி போட்ட உடனே அஞ்சாவது இழுப்புல புடிச்சுது, நிக்காம ஓடுச்சு.

ஆனா ஓட்டம் சரியில்ல. ஆக்சிலேட்டர விட்டாலும் சத்தம் எறங்காம ஏறிக்கிட்டே போச்சு. கேக்குறதுக்கு நல்லா பவரா இருக்குற மாதிரிதான் தெரியும், அது ஆபத்து. எங்கயோ வெளிக்காத்து உள்ள போகுது, காத்து ஜாஸ்தியானா பெட்ரோல் கம்மி, டூ-ஸ்ட்ரோக்ல ஆயிலே பெட்ரோலோடதான் வருது, அதனால பெட்ரோல் கம்மின்னா ஆயிலும் கம்மி, பிஸ்டன் சூடாகி சிலிண்டர்ல புடிச்சுக்கும். ஒடனே ஆஃப் பண்ணிட்டேன். சூடு ஆறுனப்புறம் ஸ்டார்ட் பண்ணி கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ரப்பர் குழாய் மேல துரு ஸ்ப்ரே லேசா காட்டுனேன், சத்தம் சட்டுன்னு மாறுச்சு. கழட்டி வளைச்சு பாத்தா அடிப்பக்கம் நக நுனியால கீறுன மாதிரி ஒரு வெடிப்பு, நேரா வச்சு பாத்தா கண்ணுக்கே தெரியாது. பெரியப்பா "எம்-சீல் போட்டு ஒட்டிடு, நாளைக்கு மரத்த அறுக்கணும்"னாரு. அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல. ரப்பர் வர மூணு நாள் ஆச்சு, மூணு நாளும் குனிஞ்சே மோட்டார் போட்டோம்.

ரப்பர் மாத்துனப்புறம் பசு மாடு மாதிரி அமைதியாயிருச்சு. பெட்ரோல் கலவை டேங்க் மூடியில போட்டிருக்குற மாதிரி 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி ஆயில், மருந்துக்கடை சிரிஞ்ச்ல அளந்து ஊத்துனேன், கண்ணளவு வேணாம். எச் ஸ்க்ரூவ சத்தம் கீச்சுன்னு ஏறுற அளவுக்கு இறுக்கக்கூடாது, சும்மா ரேஸ் பண்ணும்போது கொஞ்சம் கரகரன்னு இருக்கணும், கட்டையில வச்சா அந்த கரகரப்பு போயி சத்தம் தெளியணும். ஐடில்ல செயின் சுத்தாம நிக்கணும், சுத்துனா ஐடில் ஸ்க்ரூவ எறக்கணும்.

செயின ரெண்டு நாள் ஆயில்ல ஊறப்போட்டிருந்தேன், ஒவ்வொரு கண்ணியா வளைச்சு விட்டதுல இளகிருச்சு. தென்னை அறுத்த செயின் எப்படி இருக்கும்னு தென்னை அறுத்தவங்களுக்குத்தான் தெரியும், மேல்வைரம் கல்லு மாதிரி, உள்ள நாரு, அதோட விழுந்து கெடந்த மரத்துல கடக்கரை மணலு வேற, பல்லு எல்லாம் மழுங்கி பளபளன்னு இருந்துச்சு. 0.325 இஞ்ச் பிட்ச் (கண்ணி அளவு) செயினுக்கு 4.8 மில்லி உருண்டை அரம், 30 டிகிரி சாய்ச்சு, உள்ளேருந்து வெளிய மட்டும் தள்ளி, பல்லுக்கு ஆறு தள்ளு. பார் காடியில அடைச்சிருந்த தென்ன நார ஹேக்சா பிளேடு துண்டால கெளறி எடுத்தேன், ஆயில் வர்ற ஓட்டையே அதுக்குள்ளதான் மூடிக்கெடந்துச்சு. ஓட விட்டு பார் மூக்க ஒரு அட்டைப்பெட்டி பக்கம் காட்டுனா ஆயில் கோடு விழணும், விழுந்துச்சு. செயின் பிரேக்கையும் தள்ளி பாத்தேன், சடக்குன்னு நின்னுச்சு. அது நிக்கலன்னா மத்தது எவ்ளோ நல்லா இருந்தாலும் அந்த மிஷின தொடாதீங்க.

ஞாயித்துக்கெழம காலையில கைலிய கழட்டிட்டு பேன்ட், ஷூ, கண்ணாடி எல்லாம் போட்டு, மிஷின தரையில வச்சு பின் கைப்பிடிய காலால மிதிச்சு ஸ்டார்ட் பண்ணேன். மேல கெளைய மொதல்ல கழிச்சு, சுவரு மேல இருந்த பாரத்த கொறைச்சு, அப்புறம் அடிமரம். சாஞ்சு கெடக்குற மரத்துல எந்த பக்கம் இழுவை, எந்த பக்கம் அமுக்கம்னு பாத்துதான் வைக்கணும், இல்லன்னா மரம் மிஷினோட பார கவ்வி புடிச்சுக்கும். நடுவுல ஒரு கெளைய பெரியப்பாவே கேட்டு வாங்கி அறுத்தாரு. பதினொரு மணிக்கெல்லாம் கொட்டகை கதவு முழுசா தொறந்துச்சு. மொத்த செலவு ப்ளக், கிட், டியூப், ரப்பர், அரம் எல்லாம் சேத்து ஆயிரத்துக்கு உள்ளதான்.

வேல முடிஞ்ச ஒடனே டேங்க்க கவுத்து மிச்ச பெட்ரோல வடிச்சிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டேன், கார்புரேட்டர்ல இருக்குற சொட்டும் தீரணும்ல. ப்ளக்க கழட்டி ரெண்டு சொட்டு ஆயில் விட்டு மெதுவா ஒரு இழுப்பு, பிஸ்டன் மேல வந்து எக்சாஸ்ட் ஓட்டைய மூடுற எடத்துல நிறுத்துனேன். பெரியப்பா உள்ள போயி ஒரு செவப்பு துணிய கிழிச்சு எடுத்துட்டு வந்து சைலன்சர் வாயில திணிச்சாரு, மறந்துட்டு ஸ்டார்ட் பண்ணிடக்கூடாதுன்னு ஒரு சாண் நீளத்துக்கு வெளிய தொங்க விட்டாரு.